கைவிடப்பட்ட நீர்வழி: கிள்ளான் ஆற்றுப் போக்குவரத்தும் கோலாலம்பூர்த் தமிழர் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று வழிகளைப் பற்றியே பேசியுள்ளனர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கடல்வழி, துறைமுகத்திலிருந்து உள்நாட்டிற்குச் சென்ற இரயில்வழி, இரயில் நிலையத்திலிருந்து தோட்டத்திற்குச் சென்ற செம்மண்வழி ஆகியன அவை. இம்மூன்றுக்கும் முற்பட்ட நான்காம் வழி ஒன்று உண்டு. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர்வரை சென்ற ஆற்றுவழியே அது. கோலாலம்பூர் என்னும் நகரம் இன்றிருக்கும் இடத்தில் அமைந்ததற்கு அவ்வழியே காரணம். ஆயினும், நம் நூல்களில் அதற்கு ஓரிரு வரிகளுக்குமேல் இடம் கிடைத்ததில்லை.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. தமிழர் பெருந்தொகையினராய்ச் சிலாங்கூரில் வந்திறங்கிய காலத்தில் ஆற்றுவழி ஏற்கெனவே தன் பயனை இழந்துகொண்டிருந்தது. எனவே, தமிழர்தம் நினைவில் அதற்கு இடமில்லாமற் போனது இயல்பே. ஆனால் நினைவில் இல்லாத ஒன்று வரலாற்றிலும் இல்லை எனக் கொள்வது பொருந்தாது. ஆற்றுவழி கைவிடப்பட்ட நிகழ்ச்சியே கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் குடியேற்றத்திற்கு, சிறப்பாகப் பிரிக்பீல்ட்ஸ் என்னும் குடியிருப்பு உருப்பெறுவதற்கு, வாயிலாக அமைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

ஆற்றின் இயல்பு

கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. கோலாலம்பூருக்கு வடகிழக்கிலுள்ள மலைத்தொடரில் தோன்றி, நகரின் நடுவே கோம்பாக் ஆற்றைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, தென்மேற்காகப் பிரிக்பீல்ட்ஸைத் தொட்டுச் சென்று, பெட்டாலிங், ஷா ஆலாம், கிள்ளான் வழியே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் வடிநிலப் பரப்பு ஏறக்குறைய 1,288 சதுர கிலோமீட்டர். காவிரியையோ கோதாவரியையோ கண்டவர்க்கு இது சிற்றாறாகவே தோன்றும். இருப்பினும் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நிலத்தில் ஓடுவதால், கோடையில் மணல்வெளியாகக் கிடக்கும் ஆறு அன்று இது. போக்குவரத்துக்கு இது பெருந்துணை.

ஆற்றின் இருபகுதிகளையும் வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். கீழ்ப்பகுதியில் கடலின் ஓதம் ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது கலங்கள் நீரின் போக்கிலேயே உள்ளே வரும். வற்றத்தின்போது அதே போக்கில் வெளியே செல்லும். மேற்பகுதியில் இவ்வுதவி இல்லை. அங்கே வளைவுகள் மிகுதி; வெள்ளத்தில் சாய்ந்த மரங்கள் நீருக்கடியில் கிடக்கும்; எதிர்நீச்சலாகப் படகைக் கழி ஊன்றித்தான் தள்ளிச் செல்லவேண்டும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் சுமைப்படகில் ஏறிச்செல்ல ஏறக்குறைய மூன்று நாள் பிடித்தது. கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்திற்குமேல் சுமையுள்ள படகு செல்வது அரிது. படகு நின்ற இடத்தில் சரக்கு இறக்கப்பட்டது. சரக்கு இறங்கிய இடத்தில் கடை தோன்றியது. கடையைச் சுற்றி ஊர் எழுந்தது. கோலாலம்பூரின் பிறப்பை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது.

ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. 'கோலா' என்னும் மலாய்ச் சொல் ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடோ கடலோடோ கூடுமிடத்தைக் குறிக்கும். தமிழில் முன்னதைக் கூடல் என்றும் பின்னதைக் கழிமுகம் என்றும் இரு சொற்களால் வழங்குவோம்; மலாய்மொழிக்கு ஒரே சொல் போதுமானதாயிற்று. இவ்விடத்தில் ஒரு புதிரும் உண்டு. மலாய் மரபில் கூடலுக்கு வந்து சேரும் கிளையாற்றின் பெயரையே இடுவர். அம்முறைப்படி இவ்வூர் 'கோலா கோம்பாக்' எனப் பெயர் பெற்றிருக்கவேண்டும். 'லும்பூர்', அதாவது சேறு, எவ்வாறு வந்தது என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், ஊரின் பெயரில் ஆறும் சேறும் இரண்டும் நிலைத்துவிட்டன.

ஈயமும் படகும்

கோலாலம்பூரின் தோற்றம் 1857ஆம் ஆண்டோடு தொடர்புபடுத்தப்படுகிறது. கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும், லூக்குட்டை ஆண்ட அவர்தம் உறவினர் ராஜா ஜுமாட்டும் மலாக்காச் சீன வணிகரிடமிருந்து 30,000 வெள்ளி கடன் பெற்றனர். அம்முதலைக் கொண்டு 87 சீனத் தொழிலாளர் படகேறி ஆற்றின்வழியே மேலே சென்றனர். கூடலில் இறங்கிக் காட்டை ஊடறுத்து அம்பாங்கை அடைந்து ஈய லம்பம் தோண்டத் தொடங்கினர். ஒரு மாதத்தில் காய்ச்சலுக்குத் தப்பி எஞ்சியவர் 18 பேர் மட்டுமே. மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். 1859இல் முதல் ஈயம் ஆற்றின்வழியே கீழிறங்கியது.

கூடலில் கடை வைத்தோரே நகரின் முதற்குடிகள். அவர்களுள் ஒருவராகிய ஹியூ சியூ முதல் சீனக் கப்பித்தானாக விளங்கினார். 1868இல் யாப் ஆ லோய் அப்பொறுப்பை ஏற்றார். இன்று மேடான் பாசார் எனப்படும் பழைய சந்தைச் சதுக்கம் ஆற்றங்கரையை ஒட்டியே அமைந்திருப்பதைக் காண்போர், ஊர் எத்திசை நோக்கிப் பிறந்தது என்பதை எளிதில் உணர்வர். அரிசி, எண்ணெய், அபின், கருவிகள் ஆகியன மேலே வந்தன. ஈயப் பாளங்கள் கீழே சென்றன. ஏறும்போது சுமையும் எதிர்ப்போக்கும் ஒருங்கே இருந்தன. இறங்கும்போது ஈயம் கனத்தாலும் நீரோட்டம் துணைநின்றது.

ஈயத்தின் மறுமுனையில், கிள்ளானில், ராஜா அப்துல்லா தம் பண்டகசாலையைக் கட்டினார். 'கெடுங் ராஜா அப்துல்லா' என்னும் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. ஈயமும் படைக்கலமும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டிருந்த கட்டடம் அது. பின்னர் நீண்டகாலம் காவல் நிலையமாகவும், அதன்பின் ஈய அருங்காட்சியகமாகவும் பயன்பட்டது. ஈயத்தையும் துப்பாக்கியையும் ஏன் ஒன்றாக வைத்தனர் என்பதற்கு அடுத்த பத்தாண்டுகளின் வரலாறே விடை.

சுங்கமும் போரும்

ஆற்றின் வாயில் யார் கையிலோ, ஆற்றின் வருவாய் அவர் கையில். மலாய் அரசியலின் அடிப்படை நெறி இது. நிலவரி என்பது அங்கே பெரிதன்று. மக்கள்தொகை குறைவு, காடு மிகுதி. ஆனால் உள்நாட்டு விளைபொருள் எதுவாயினும் ஆற்றின்வழியே இறங்கியாக வேண்டும். எனவே கழிமுகத்தில் ஒரு கோட்டையும் சில பீரங்கிகளும் இருந்தால் அதுவே கருவூலம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர் பொதிகளில் புலிமுத்திரை இட்ட செய்தியைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு இந்நிலை புதிதன்று. அங்கே சுங்கத்தின் பின்னால் ஒரு பேரரசு இருந்தது. இங்கே ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர் இருந்தார்.

1867இல் ராஜா மஹ்டி கிள்ளானைத் தாக்கிக் கைப்பற்றினார். ராஜா அப்துல்லா மலாக்காவிற்கு ஓடினார். 1874வரை நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போர் இவ்வாறு தொடங்கியது. சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனாகிய கெடா இளவரசர் துங்கு குடின் 1870இல் கிள்ளானை மீட்டார். 1872இல் கோலாலம்பூர் எதிரிகளிடம் வீழ்ந்தது. 1873இல் பகாங் படையின் துணையோடு திரும்பக் கைப்பற்றப்பட்டது. இப்போரை இளவரசர்களின் பகையாகவும் சீனக் குழுக்களின் பூசலாகவும் விரித்துரைப்பர். இரண்டும் உண்மையே. எனினும், இருவகைப் பூசலுக்கும் பொதுவான களம் ஆறு. கிள்ளானைப் பிடித்தவர் கோலாலம்பூரின் அரிசியைத் தடுக்கலாம். கோலாலம்பூரைப் பிடித்தவர் கிள்ளானின் ஈயத்தைத் தடுக்கலாம். ஒரே நீர்வழியின் இருமுனைகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பட்டினி போட முடிந்தது. வேறு வழி இல்லாத நாட்டில் ஒற்றை வழி எத்துணை ஆபத்தானது என்பதை ஆங்கிலேயர் இங்கிருந்தே கற்றனர் எனலாம்.

டாமன்சாரா: பாதி ஆறு, பாதி சாலை

1874இல் சிலாங்கூர் ஆங்கிலேயரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. ஜே.ஜி. டேவிட்சன் முதல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். சிங்கப்பூரில் அவரிடம் எழுத்தராகப் பணியாற்றிய தம்புசாமிப் பிள்ளை அவரோடு சிலாங்கூருக்கு வந்தார். அன்று அரசின் இருக்கை கிள்ளான். கருவூலமும் அங்கேயே இருந்தது. 1880இல் தலைநகர் கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டபோது கருவூலத்தோடு அவரும் அங்குச் சென்றார். பிற்காலத்தில் பத்துமலைக் கோயிலோடும் மகா மாரியம்மன் கோயிலோடும் மட்டுமே அவர் பெயரை நாம் இணைத்துப் பேசுகிறோம். ஆற்றுவழி உயிரோடிருந்த காலத்துச் சிலாங்கூரில் பணியாற்றிய தமிழர் என்ற வகையிலும் அவர் நம் கவனத்திற்குரியவர்.

தலைநகர் மாற்றம் ஆற்றுவழியின் குறைகளை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. வணிகர் மூன்று நாள் பொறுப்பர். அரசு அலுவலகம் பொறுக்காது. அக்காலத்தில் பயணிகள் கையாண்ட முறை ஒருவகைச் சமரசம். கிள்ளானிலிருந்து, இன்றைய ஷா ஆலாம் பகுதியில் டாமன்சாரா ஆறு வந்து கலக்கும் இடம்வரை படகில் வருவர். அங்கிறங்கி, எஞ்சிய தொலைவை நடந்தோ, குதிரையிலோ, மாட்டு வண்டியிலோ கடப்பர். ஆற்றின் எளிய பாதியை வைத்துக்கொண்டு கடினமான பாதியைக் கைவிட்ட ஏற்பாடு இது. நீர்வழி கைவிடப்பட்டது ஒரே நாளிலன்று, மேலிருந்து கீழாகப் படிப்படியாக என்பதற்கு இதுவே முதற்சான்று.

அச்சாலையின் பெயர் இன்றும் வாழ்கிறது. பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில், தேசிய அருங்காட்சியகத்தின் அருகே தொடங்கும் ஜாலான் டாமன்சாரா, ஒருகாலத்தில் படகுத்துறையை நோக்கிச் சென்ற சாலையின் எச்சம். டாமன்சாரா என்றவுடன் மேட்டுக்குடியினர் வாழும் குன்றுகளையே இன்றைய மாணவர் நினைப்பர். அது முதலில் ஓர் ஆற்றுத்துறையின் பெயர்.

1879இல் கிள்ளானுக்கு வந்த ஆங்கிலப் பயணி இசபெல்லா பேர்ட், 1883இல் வெளியான தம் நூலில் அவ்வூரைக் களையிழந்த ஊராகவே வருணித்துள்ளார். தலைநகர் இன்னும் மாறவில்லை. இரயில் இன்னும் வரவில்லை. ஆயினும் கழிமுகத்துக் காவலூர் தன் செல்வாக்கை இழக்கத் தொடங்கிவிட்டது அவர் கண்ணிற்பட்டிருக்கிறது.

இரயில் வந்தது

1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் இரயில் பாதையில் உறுதியாக இருந்தார். மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடாவரை 31 கிலோமீட்டர்ப் பாதை திறக்கப்பட்டது. 1891இல் சிரம்பான்–போர்ட் டிக்சன் பாதையும், 1893இல் தாப்பா ரோடு–தெலுக் ஆன்சன் பாதையும் தொடர்ந்தன. இந்நான்கையும் வரைபடத்தில் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் எதுவும் நகரத்தை நகரத்தோடு இணைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஈய வயலைக் கடலோடு அல்லது கடற்கலம் வரும் ஆற்றோடு இணைத்தது. அதாவது, ஒவ்வொன்றும் ஓர் ஆற்றின் வேலையை, ஆற்றுக்கு இணையான திசையிலேயே, தன்மேல் ஏற்றுக்கொண்டது. வடக்கு தெற்காக நாட்டை இணைக்கும் எண்ணம் பிற்பட்டது.

புக்கிட் கூடா ஏன் எல்லையாயிற்று என்பது நோக்கத்தக்கது. அது கிள்ளான் நகருக்கு மறுகரையில் உள்ளது, நடுவே ஆறு. பாலம் இல்லாமையால் இரயில் அங்கே நின்றது. நான்காண்டுகள் இரயிலும் கலமும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. 1890இல் கன்னாட் பாலம் கட்டப்பட்டு இரயில் மேலும் 5 கிலோமீட்டர் சென்று கிள்ளான் நகரை அடைந்ததும் அப்பகிர்வு முடிந்தது. உள்நாட்டு ஆற்றுப் போக்குவரத்து எந்த ஆண்டில் இறந்தது என்று கேட்பார்க்கு, 1890 என்பதே என் விடை. மூன்று நாள் பயணம் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கியபின், கழி ஊன்றும் படகோட்டியிடம் சரக்கை ஒப்படைப்பார் யார்?

எனினும் கிள்ளான் நகர் இன்னும் ஆற்றுத் துறைமுகமாகவே இருந்தது. கடற்கலங்கள் கழிமுகத்திலிருந்து உள்ளே ஏறி அங்கு வந்தன. இங்கும் ஒரு தடை இருந்தது. 3.9 மீட்டருக்குமேல் ஆழம் தேவைப்படும் கலம் துறையை அணுக முடியவில்லை. நீராவிக் கப்பல்கள் பெரிதாகிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே இரயில் 1899இல் ஆற்றையொட்டியே கடலை நோக்கி நீட்டப்பட்டது. 1901 செப்டம்பர் 15ஆம் நாள் கழிமுகத்தருகே போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்பது அதுவே. 1972இல் பெயர் மாற்றம் பெற்றது. இரயில் பாதை 15 ஆண்டுகளில் ஆற்றின் வேலையைக் கூடல் முதல் கழிமுகம்வரை முற்றாக எடுத்துக்கொண்டது.

புதிய துறைமுகம் சதுப்பு நிலத்தில் எழுந்தது. திறந்த இரண்டு மாதத்திற்குள் மலேரியாக் காய்ச்சல் பரவித் துறைமுகத்தை மூடவேண்டியதாயிற்று. அவ்வாண்டில் கிள்ளானில் பணியேற்றிருந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்புகளை வடிகட்டியும் நிரப்பியும் நோயைக் கட்டுப்படுத்தினார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் மெய்ப்பித்துச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. அறிவியல் உண்மை ஒன்று ஊர் அளவில் செயற்படுத்தப்பட்ட முதன்மையான களங்களுள் கிள்ளானும் ஒன்று. 1857இல் ஆற்றுவழி சென்றோரைக் கொன்ற அதே காய்ச்சல் என்பதை நினைவிற்கொண்டால், இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட தொலைவு விளங்கும்.

ஆறு விட்ட இடத்தில் பிரிக்பீல்ட்ஸ்

இனித் தமிழரிடம் வருவோம். ஆற்றுப்படகை ஓட்ட மலாய்க்காரரும் சீனரும் போதும். இரயிலை ஓட்டவும் தண்டவாளம் இடவும் கணக்கெழுதவும் தந்தி அடிக்கவும் வேறுவகை ஆட்கள் வேண்டியிருந்தனர். இலங்கையில் ஆங்கிலக் கல்வியும் இரயில் அனுபவமும் பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோர் பாதையிலும் பட்டறையிலும் உழைத்தனர். இருசாராரும் பெருந்தொகையாகத் தங்கிய இடம் பிரிக்பீல்ட்ஸ்.

அவ்வூரின் பெயர்க்காரணம் எல்லோரும் அறிந்ததே. 1881இல் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின், செங்கல்லாலும் ஓட்டாலும் வீடு கட்டவேண்டும் என்ற விதி 1884இல் வந்தது. செங்கற் சூளைகள் அங்கே தோன்றின. ஆற்றங்கரைக் களிமண்ணே மூலப்பொருள். சூளைக்குப்பின் இரயில் பட்டறைகளும் பணியாளர் குடியிருப்புகளும் வந்தன. ஆறு கொண்டுவந்து சேர்த்த மண்ணில், ஆற்றின் வேலையைப் பறித்த இரயிலுக்கென எழுந்த ஊர் அது. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும், விவேகானந்தா ஆசிரமமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நிலைபெற்றன. நகரின் மறுபுறத்தில், மகா மாரியம்மன் கோயில் இன்றைய பழைய இரயில் நிலையம் இருக்கும் பகுதியிலிருந்து ஹை ஸ்திரீட்டிற்கு, இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு, 1885இல் இடம் பெயர்ந்தது. அடுத்த ஆண்டே முதல் இரயில் ஓடிற்று. இரண்டையும் காரண காரியமாக இணைக்க வேண்டுவதில்லை. ஆனால் நகரின் நிலம் புதிய வழிக்கேற்பப் பங்கிடப்பட்ட காலம் அது என்பதில் ஐயமில்லை.

கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளரின் நிலையும் இதுவே. பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் நாள் கழித்து, இரயிலேறித் தோட்டம் சேர்ந்தனர். 1920களிலிருந்து 1970களின் தொடக்கம்வரை வந்து சென்ற 'ரஜுலா' கப்பலின் பெயரை மூத்தோர் பலர் இன்றும் சொல்வர். கப்பல் நினைவிருக்கிறது, இரயில் நினைவிருக்கிறது, படகு நினைவில்லை. அவர்கள் படகைக் காணவில்லை என்பதே காரணம். மலாய்மொழியில் கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' நம் சொல் என்று பெருமையோடு சொல்கிறோம். அச்சொல் அம்மொழியிற் புகுந்த காலம் மிகப் பழையது. பிற்காலத்தில் வந்த தமிழரோ கப்பலிலிருந்து நேரே தண்டவாளத்திற்கு மாறியவர்கள்.

சேறு காரணமா, விளைவா?

கிள்ளான் ஆறு ஈய லம்பச் சேற்றால் தூர்ந்தது, ஆதலால் படகு ஓட முடியாமற்போனது, ஆதலால் கைவிடப்பட்டது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. பாடம் நடத்துவதற்கு வசதியானது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் இவ்விளக்கம் தலைகீழாகிறது.

லம்பத்துச் சேறு 1857 முதலே ஆற்றில் இறங்கியது என்பது மெய். ஆயினும், நீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைக்கும் முறையும், மணலிறைக்கும் இயந்திரங்களும், ஈயக்கப்பல்களும் பரவியது பெரும்பாலும் இரயில் வந்ததற்குப் பின்னரே. இரயில் இல்லாமல் அவ்வியந்திரங்களையும் எரிபொருளையும் உள்நாட்டிற்குக் கொணர்வதே அரிது. ஆக, படகு முதலில் நின்றது. சேறு பின்னர் பெருகியது. யாரும் பயணம் செய்யாத ஆற்றைத் தூய்மையாக வைத்திருக்க யாருக்கும் தேவை இல்லாமற்போயிற்று. படகோட்டிகளும் வணிகரும் சுங்கத் தலைவர்களும் ஆற்றைச் சார்ந்து வாழ்ந்தவரை, தூர்ந்துபோவதை எதிர்க்க ஒரு தரப்பு இருந்தது. 1890க்குப்பின் அத்தரப்பு இல்லை. ஆறு வழியாக இருந்த நிலை மாறி வடிகாலாக ஆயிற்று.

சேறு என்ன செய்யவல்லது என்பதற்கு அண்டை ஆறு ஒன்று சான்று. சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கோலா குபு நகரில் 1883இல் அணை உடைந்து வெள்ளம் புகுந்தது; ஆங்கில அதிகாரி சிசில் ரேங்கிங் உள்ளிட்ட பலர் மாண்டனர். அதன்பின் லம்பத்து மண் ஆண்டுதோறும் படிந்து ஊரையே புதைக்கத் தொடங்க, 1930களின் தொடக்கத்தில் மக்கள் கோலா குபு பாரு என்னும் புதிய ஊருக்கு மாற்றப்பட்டனர்.

கோலாலம்பூர் அவ்வாறு புதையவில்லை. ஆனால் 1926இல் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை மேடிட்டிருந்ததால் நீர் ஊருக்குள் பாய்ந்தது. அதையடுத்து ஆற்றை நேராக்கும் பணி தொடங்கியது. கூடலுக்குக் கீழே கரைகள் உயர்த்தப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் புதிய கால்வாய் வெட்டி ஆறு திருப்பி விடப்பட்டது. 1932வாக்கில் பணி நிறைவுற்றது. இன்று பிரிக்பீல்ட்ஸ் அருகே நாம் காணும் நேர்க்கோட்டு ஆறு மனிதர் வெட்டியது. படகுகள் வளைந்து வளைந்து வந்த ஆறு அன்று. 1971 சனவரியில் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் 'ஸ்மார்ட்' சுரங்கம் வெள்ளநீரையும் ஊர்திகளையும் ஒரே குழாயில் விடுகிறது. ஆற்றுநீரும் பயணிகளும் ஒரே வழியில் செல்லும் நிலை, விந்தையான முறையில், மண்ணுக்கடியில் திரும்பியிருக்கிறது!

பக்கிங்காம் கால்வாயோடு ஓர் ஒப்பீடு

கைவிடப்பட்ட நீர்வழி என்றதும் தமிழாசிரியர் பலர்க்கு நினைவுக்கு வருவது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்வரை வெட்டப்பட்ட சிறு கால்வாய், படிப்படியாக வளர்ந்து ஆந்திரத்துப் பெத்த கஞ்சாம் முதல் மரக்காணம்வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போது பசித்த மக்களுக்குக் கூலிவேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. 1878இல் ஆளுநர் பக்கிங்காமின் பெயர் இடப்பட்டது. உப்பும் விறகும் அதன் வழியே சென்றன.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. பக்கிங்காம் கால்வாய் இரயிலின் போட்டிக்கு நெடுங்காலம் ஈடுகொடுத்தது. 1966, 1976 ஆண்டுகளின் புயல்களும் பராமரிப்பின்மையுமே அதன் போக்குவரத்தை முடித்தன. சமதளத்தில் தேங்கிய நீரில் விறகுபோன்ற அவசரமற்ற சுமையை இழுத்துச்செல்ல அது மலிவான வழி. கிள்ளான் ஆற்றுக்கு அவ்வசதி இல்லை. ஏற்றப்பயணம் கடினம், சுமையாகிய ஈயமோ விலைமிக்கது, விரைவை நாடுவது. ஆகவே அது 15 ஆண்டுகளில் தோற்றது. மற்றொரு தொடர்பும் உண்டு. அதே பஞ்சகாலத்தை ஒட்டித் தமிழகத்தினின்று கடல்கடந்து செல்வோர் தொகை பெருகியது. கால்வாய் வெட்டிய கைகளும் தண்டவாளம் இட்ட கைகளும் ஒரே பசியின் இரு கிளைகள்.

முடிவிலோ இரண்டும் ஒத்துப்போகின்றன. சென்னையில் 1990களில் பறக்கும் இரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின்மேல் எழுந்தன. கோலாலம்பூரில் அம்பாங்கிற்குச் செல்லும் உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையின் தூண்கள் கிள்ளான் ஆற்றின்மேல் எழுந்தன. அது 2001இல் திறக்கப்பட்டது. பாசார் செனி இலகு இரயில் நிலையமும் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. நிலம் வாங்க வேண்டாத வழி என்பதே பொறியாளர் கண்ணில் பழைய நீர்வழியின் பயன்.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

2010களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட 'உயிர்நதி'த் திட்டத்தின்கீழ்க் கூடற்பகுதி அழகுபடுத்தப்பட்டது. 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசலைச் சுற்றி இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கின்றனர். மிட் வேலி முதல் கடல்வரை 56 கிலோமீட்டர் ஆற்றைத் தூய்மைப்படுத்தச் சிலாங்கூர் மாநிலம் 2016 முதல் தனித்திட்டம் ஒன்றை மேற்கொண்டது. மிதக்கும் குப்பையைத் திரட்டும் இயந்திரப் படகு 2019இல் ஆற்றில் விடப்பட்டது. இத்திட்டங்கள் ஆற்றைக் காட்சிப் பொருளாகவும் தூய்மைப் பொருளாகவும் பார்க்கின்றன. தமிழ்ப்பள்ளி மாணவர் அதை வழியாகவும் பார்க்கக் கற்கவேண்டும் என்பது என் விருப்பம். இல்லையேல், கோலாலம்பூர் சீனர் தோண்டிய ஊர், தமிழர் பின்னால் வந்து கூலிவேலை செய்த ஊர் என்ற ஒற்றைவரி வரலாறே அவர்களிடம் எஞ்சும். ஆற்றிலிருந்து இரயிலுக்கு மாறிய அந்த 15 ஆண்டுகளைப் பயிற்றுவித்தால், தமிழர் உழைப்பு ஊரின் அமைப்பையே மாற்றிய மாற்றத்தின் நடுவில் இருந்தது விளங்கும்.

இதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டுவதில்லை. கோலாலம்பூர் சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகத்திற்குச் செல்லும் கொமுட்டர் இரயிலில் மாணவரை ஏற்றினால் போதும். 1886ஆம் ஆண்டுப் பாதையைத் தழுவியே அது செல்கிறது. பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம் என ஊர்கள் வரும்போது, டாமன்சாராத் துறை இப்பகுதியில்தான் இருந்தது எனச் சுட்டிக்காட்டலாம். கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் கெடுங் ராஜா அப்துல்லா நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. 1961இல் திறக்கப்பட்ட ஈரடுக்குக் கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் நின்று ஆற்றை அருகிருந்து காணலாம். ஓதம் ஏறும் வேளை எனில், நீர் கடலிலிருந்து மேல்நோக்கி வருவதை மாணவர் தம் கண்ணாலேயே பார்ப்பர். மீண்டும் இரயிலேறினால், கிள்ளான் துறைமுகத்திற்கு முந்திய நிலையத்தின் பெயர் ஜாலான் கஸ்தாம். 'கஸ்தாம்' என்பதற்கு மலாயில் சுங்கத்துறை என்பது பொருள்.